அணிப் போதகருக்கு ஒரு சாட்சி

கார்வெல், மிசிசிப்பி
செப்டம்பர் 8

அன்புத் தம்பி லைலுக்கு,

ஹாலிஸ் அண்ணன் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்தை அறிய ஆவல் என்று எழுதினால் நீ சிரிப்பாய். ஒரே கட்டடத்தில்தான் இருவருக்கும் வேலை. நீ மூன்றாம் மாடி, நான் தரைத்தளம், நடுவில் தபால்காரர்.

காரணம் இருக்கிறது. நம்முடையது அரசுப் பல்கலைக்கழகம். நாம் எழுதும் மின்னஞ்சலை எவன் வேண்டுமானாலும் மனுப் போட்டு வாங்கிப் படிக்கலாம். கோச் ராட்லிஜ் என்னைக் கூப்பிட்டு, "பிரதர், இந்த விஷயத்தை இனிமே கம்ப்யூட்டர்ல தட்டாதீங்க. வாயால பேசுங்க, இல்லேன்னா ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டார். வாயால் பேசலாம் என்றால் நீ போனை எடுப்பதில்லை.

விஷயம் உனக்கும் தெரிந்திருக்கும். வடக்கே ஏதோ ஒரு ஊரில் நாலு வக்கீல்கள் சேர்ந்து சங்கம் வைத்திருக்கிறார்கள். மாநிலத்தின் பணத்தில் நடக்கும் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு மதபோதகர் எதற்கு என்று புகார் அனுப்பியிருக்கிறார்கள். என் சம்பளத்தை நன்கொடையாளர்கள் கொடுக்கிறார்கள்; ஆனால் அறையும் பஸ்ஸில் இருக்கையும் மாநிலத்துடையதாம். நவம்பரில் நிர்வாகக் குழு பொதுக் கூட்டம் போட்டு முடிவு செய்கிறது. ஊழியர்கள் எழுதும் கடிதங்களை அங்கே வாசிப்பார்கள்.

தம்பி, நீ ஒரு கடிதம் எழுத வேண்டும். ஏப்ரலில் என் தங்கை கொரின் போனபோது இந்த அணியின் போதகர் உனக்கும் அவளுக்கும் எப்படித் துணையாக இருந்தார் என்று எழுது. நான் உன் மைத்துனன் என்பதை மறந்துவிட்டு எழுது. முப்பத்தோரு வயதில் மனைவியை இழந்த பொறியாளன், பைபிளைத் தொடாதவன், அவனே ஆறுதல் கிடைத்தது என்று சொன்னால் அந்த வக்கீல்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

பையன்கள் இந்த வருட ஆட்டங்களைக் கொரினுக்கு அர்ப்பணித்திருக்கிறார்கள். ஹெல்மெட்டின் பின்பக்கம் அவள் பெயரின் முதலெழுத்து, அருகில் சின்னதாக ஒரு சிலுவை. உன்னை ஆச்சரியப்படுத்தலாம் என்று முன்னால் சொல்லவில்லை.

ஒழுங்காகச் சாப்பிடு. சபைப் பெண்கள் கொடுத்த கோழி, மக்ரோனி எல்லாம் இன்னும் உன் ஃப்ரீசரிலேயே இருக்கிறதாமே. பாத்திரங்களையாவது திருப்பிக் கொடு.

உனக்காக ஜெபிக்கும்,
ஹாலிஸ்


செப்டம்பர் 14

ஹாலிஸ் அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகமா என்று கேட்கிறீர்கள். தெரியவில்லை. காலையில் எழுகிறேன். பல் விளக்குகிறேன். உடுப்புகளுக்கு சார்ஜ் போடுகிறேன்.

நீங்கள் ஆச்சரியப்படுத்த நினைத்தீர்கள். பட்டுவிட்டேன். எப்படி என்று சொல்கிறேன்.

பையன்கள் உள்ளே போடும் அந்தக் கையில்லாத உடுப்பில், முதுகில், தீப்பெட்டி அளவு ஒரு கருவி இருக்கிறதே. ஓடும் வேகம், நெஞ்சுத் துடிப்பு எல்லாம் என் திரைக்கு வரும், ஆளுக்கு ஒரு கோடு. நான் மேலே கண்ணாடி அறையில் இருக்கிறேன். அங்கே சத்தம் கேட்காது, கோடுகள் மட்டும்தான். மைதானத்துக்குள் ஓடுவதற்கு முன்னால் நீங்கள் ஜெபிக்கும் நேரத்தில் கோடுகள் எப்போதும் இறங்கும். இதை உங்களிடம் சொன்னதில்லை. அந்த வாரத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் நல்ல ஓய்வு உங்கள் ஜெபம்தான்.

முதல் ஆட்டத்தன்று கோடுகள் இறங்கவில்லை. எல்லாம் ஒன்றாக ஏறின. கருவியில் கோளாறு என்று நினைத்து அணைத்துப் போட்டேன். மறுபடியும் ஏறின. ஆட்டம் முடிந்து கோச் மேலே வந்து, திரையைப் பார்த்து, என் தோளில் ஓங்கித் தட்டினார்.

"லைல், அந்த மேட்டைப் பாத்தியா? பிரதர் உன் பொண்டாட்டி கதைய சொன்ன நிமிஷம் அது!"

"என்ன கதை கோச்?"

"சாகறதுக்கு முன்னாடி இயேசுவை ஏத்துக்கிட்டாளே, அதுதான். நம்ம ஜிம்மிகூட அழுதுட்டான். அடுத்த வாரமும் சொல்லச் சொல்லிருக்கேன். அந்தப் படத்தை எனக்கு பிரின்ட் எடுத்துக் குடு."

எடுத்துக் கொடுத்தேன். என் கை அதைச் செய்தது. அவர் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்.

அண்ணா, கொரின் பத்தொன்பது வயதில் உங்கள் சபையிலிருந்து எழுந்து வந்தவள். அதற்குப் பிறகு கல்யாணங்களுக்கும் சாவுகளுக்கும்தான் உள்ளே போனாள், அதுவும் கடைசி வரிசைக்கு. ஆஸ்பத்திரியில் நர்ஸ் முன்னால் என்னிடம் சொன்னாள்: "என் அடக்கத்துல ஹாலிஸ் பேச ஆரம்பிச்சா, நான் எழுந்து வெளிய போயிடுவேன், பாத்துக்கோ." நீங்கள் பேசினீர்கள். ஈரக் களிமண்ணில் எல்லோருடைய செருப்பும் புதையும்வரை பேசினீர்கள். அவள் எழுந்து போகவில்லை. அப்போதுதான் அவள் இறந்துவிட்டாள் என்பது எனக்கு உறைத்தது.

நான் ஐஸ் வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில் அவளோடு நீங்கள் மட்டும் இருந்தீர்கள். அப்போது அவள் என்ன சொன்னாள்? அதை எனக்குச் சொல்வதற்கு முன்னால் ஒரு முழு அணிக்கு ஏன் சொன்னீர்கள்?

ஹெல்மெட்டிலிருந்து சிலுவையை எடுக்கச் சொல்லுங்கள். கதையை நிறுத்துங்கள். உங்கள் வேலைக்கு நான் சாட்சி எழுதுவதைப் பற்றிப் பிறகு பேசலாம்.

பாத்திரங்களைக் கழுவி வைத்திருக்கிறேன். எது யாருடையது என்று தெரியவில்லை.

லைல்


செப்டம்பர் 22

அன்புத் தம்பி லைலுக்கு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் மனசே சரியில்லை. உன் துக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. அவள் எனக்கும் தங்கை. அவளுக்கு நடக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

கோச்சிடம் பேசினேன். நிஜமாகவே பேசினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மூணு ஆட்டம், மூணும் ஜெயிச்சிருக்கோம். தோக்கற வரைக்கும் அந்த ஸ்டிக்கர்ல கை வெக்கறவன் கைய ஒடிப்பேன். அது போதகர் கையா இருந்தாலும் சரி."

இங்கே எல்லோரும் எப்படி என்று உனக்குத் தெரியாதா? ஜிம்மி மூன்று வாரமாக ஒரே சாக்ஸைத் துவைக்காமல் போட்டுக்கொள்கிறான். அவன் பக்கத்தில் யாராலும் நிற்க முடியவில்லை. கோச் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே பெட்ரோல் பங்கில் அதே வேர்க்கடலைதான் வாங்குகிறார். இந்த நேரத்தில் சிலுவையை எடு என்றால் யார் கேட்பார்கள்? சீசன் முடியட்டும்.

கதையை எத்தனை முறை சொன்னாலும் அது உண்மைதானே? அவள் சொன்னதைத்தான் சொல்கிறேன். உனக்குச் சொல்லாதது உன் நிலைமையைப் பார்த்துத்தான்.

கேவலமாகப் பேசுகிறாய், பேசு. ஒன்று மட்டும் கேட்கிறேன். போன வாரம் பயிற்சியில் ஜாவோன் கழுத்தில் அடிபட்டு விழுந்து காலை அசைக்க முடியாமல் கிடந்தான். ஆம்புலன்ஸில் அவனோடு ஏறினது யார்? அவன் அம்மா மிசிசிப்பி டெல்டாவிலிருந்து கார் ஓட்டி வந்து சேரும்வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது யார்? அவன் டாக்டரைக் கேட்கவில்லை, "பிரதர் ஹாலிஸ் எங்க?" என்றுதான் கேட்டான். உன் கருவி அவன் நெஞ்சு எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது என்று சொல்லும். ஏன் துடிக்கிறது என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறதா?

அவன் இப்போது நடக்கிறான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

வீட்டை விட்டு வந்த பிள்ளைகளுக்கு ஒரு ஆள் வேண்டும், தம்பி. அரசு, மதம் என்று பிரித்துப் பேசுகிறவர்கள் எவனும் ஆம்புலன்ஸில் ஏறியதில்லை. கடிதத்தை எழுது. உனக்கும் அது நல்லது செய்யும்.

அம்மா உன்னை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னாள். மீன் பொரிப்பாளாம்.

உன்
ஹாலிஸ் அண்ணன்


அக்டோபர் 5

சகோதரர் ஹாலிஸ் அவர்களுக்கு,

ஜாவோனோடு நீங்கள் ஆம்புலன்ஸில் ஏறியது நல்ல காரியம். கிண்டல் செய்யவில்லை. ஏன் உங்களைக் கேட்டான் என்று யோசித்தேன். இந்தக் கட்டடத்தில் அவன் ஆடலாமா கூடாதா என்று முடிவு செய்யாத பெரியவர் நீங்கள் ஒருவர்தான் என்று அவன் நினைக்கிறான். அப்படி ஒரு ஆளைப் பல்கலைக்கழகம் வைத்துக்கொள்ளட்டும். அந்த ஆள் ஏன் கோச்சின் சாப்பாட்டு மேஜையில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும்? ஏன் ஒரே ஒரு கடவுளின் விற்பனைப் பிரதிநிதியாக இருக்க வேண்டும்? ஆஸ்பத்திரியில் போதகர் இல்லையா? ஒவ்வொரு தெருமுனையிலும் ஒரு சபை இருக்கும் ஊர் இது. தடுக்கி விழுந்தால் ஒரு பாஸ்டர் மேல்தான் விழ வேண்டும்.

ஜெபத்துக்கு வருவது அவரவர் விருப்பம் என்று புகாருக்குப் பதில் எழுதியிருக்கிறீர்கள். படித்தேன். ஓரின் சேல்ஸ் ஜெபத்துக்கு வருவதில்லை. நடுவில் நின்று பந்தைப் பின்னால் தள்ளிக் கொடுக்கிறானே, அந்தப் பெரிய பையன். ஜெப நேரத்தில் வெளியே தண்ணீர் டிரம்மில் சாய்ந்து நிற்பான். ஒரு நாள் இறங்கிப் போய்க் கேட்டேன்.

"உனக்கு நம்பிக்கை இல்லையா ஓரின்?"

"ஐயோ சார், எங்கப்பா சபையில டீக்கன். வாரத்துல நாலு நாள் எனக்கு சர்ச்சுதான். நம்பிக்கை மூட்டை மூட்டையா இருக்கு."

"பின்ன ஏன் உள்ள போகலை?"

"பந்தாட்டத்துக்குப் போயி கடவுளைக் கூப்பிடறது எனக்கு வெக்கமா இருக்கு சார். அந்தப் பக்கமும் இதையேதான் கேப்பானுங்க. அவரு என்ன, ரெஃப்ரியா? அப்புறம்..." என்று நிறுத்தினான். "செத்துப்போன யாரோ ஒருத்தங்க கதைய சொல்லிப் பசங்கள கிளப்பி விடறாங்க. அது உங்க வீட்டம்மான்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. மன்னிச்சுக்கங்க சார்."

நீங்கள் யாரும் கேட்காத மன்னிப்பு அது. அவன் கேட்டான்.

நீங்கள் ஜெபிக்கும்போது கோச் வாசலில் கைகட்டி நிற்கிறார். வரவேற்க நிற்கிறாராம். நேற்று ஓரினை உட்கார வைத்துவிட்டு அவனைவிட மெதுவான ஒருவனை இறக்கினார். ஆட்டம் முடிந்து அவர் மேலே வந்தபோது நான் கோட்டைக் காட்டினேன்: "கோச், ரெண்டு பேர்ல ஓரின்தான் வேகம், ஓரினுக்குத்தான் மூச்சு வாங்கலை." அவர் திரையைப் பார்க்கவே இல்லை. "அவன் கூட்டத்தோட சேரமாட்டேங்கறான் லைல். வெளிய நிக்கறவனை நான் உள்ள எறக்கமாட்டேன்." அவரவர் விருப்பம்!

அரசுப் பணத்தில் ஒரு பெரிய மனிதர் வாசலில் நின்று கணக்கெடுக்கும் ஜெபத்தை, கடவுள் என்று ஒருவர் இருந்தால், காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் கேட்பார்.

உண்மையைத்தான் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வார்த்தைக்கு வார்த்தை எழுதுங்கள். கொரின் என்ன சொன்னாள், நீங்கள் என்ன சொன்னீர்கள். எழுதினால் நிர்வாகக் குழுவுக்கு நானும் எழுதுகிறேன். நீங்கள் எழுதித் தருவதை ஒளிக்காமல் எழுதுவேன். அதற்குமேல் உறுதி கொடுக்க முடியாது.

வெர்னா அம்மாவின் மீனைச் சாப்பிட்டேன். நீங்கள் பிரசங்கத்துக்குப் போயிருந்தது நல்லதாயிற்று.

லைல்


அக்டோபர் 20

தம்பி லைலுக்கு,

சனிக்கிழமை தோற்றோம். நீ கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்திருப்பாய். கடைசி நிமிடத்தில் ஜிம்மி கைக்கு வந்த பந்தை விட்டான்.

நேற்று மதியம் பிரசங்கம் முடிந்து அணிக் கட்டடத்துக்குப் போனேன். சாமான் அறையில் எல்லா ஹெல்மெட்டும் மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்தது. ரெண்டு பேர் தலை காயவைக்கும் மெஷினால் சூடு காட்டிக் காட்டி ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். கீழே தரையெல்லாம் அவள் எழுத்து. கோச் அங்கேயே நின்றார். புது ஸ்டிக்கர் கையில் இருந்தது. ஒரு சுத்தியல் படம்.

"என்ன கோச் இது?" என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணு குடுக்க வேண்டியத குடுத்து முடிச்சிட்டா பிரதர். இனிமே சுத்தியல். நீங்க சுத்தியலுக்கு ஒரு வசனம் பாத்து வைங்க. பைபிள்ல இருக்குமில்ல?"

இருக்கிறது என்று சொன்னேன் தம்பி. எரேமியாவில் இருக்கிறது என்று சொன்னேன். அவள் என் செருப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே நின்று அதிகாரமும் வசனமும் சொன்னேன். காருக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் என் வாய் என்ன பேசியது என்று எனக்கே தெரிந்தது.

கேட்டாயே, எழுதுகிறேன். அம்மாமேல் ஆணையாக இதுதான் நடந்தது.

நீ ஐஸ் வாங்கப் போனாய். நான் பைபிளை எடுத்தேன். அவள் கண் திறந்து பார்த்தாள்.

"அம்மா அனுப்பினாளா?"

"ஆமா."

"அவளுக்குத் தூக்கம் வரலையா?"

"ராத்திரி முழுக்க சமையல்கட்டுலதான் உக்காந்திருக்கா. நானும்தான் தூங்கலை கொரின். நீ எங்க போவியோன்னு..."

அவள் சிரித்தாள். அவளால் அப்போது முழுசாகச் சிரிக்க முடியவில்லை. "சரி. ஏத்துக்கிட்டேன்னு வெச்சுக்கோ. போதுமா? என்ன சொல்லணுமோ அதச் சொல்லு, நான் சரிங்கறேன்."

நான் ஜெபத்தைச் சொன்னேன். அவள் "சரி" என்றாள்.

"போய் அம்மாகிட்ட சொல்லு. ரெண்டு பேரும் தூங்குங்க. வேற யார்கிட்டயும் சொல்லாதே ஹாலிஸ். லைல்கிட்ட சொல்லவே சொல்லாதே."

நீ ஐஸோடு உள்ளே வந்தாய். அவ்வளவுதான்.

அதை நான் விசுவாசம் என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். முதல் ஆட்டத்தன்று பையன்கள் முகம் செத்துக் கிடந்தது, என் நாக்கில் வேறு ஒன்றும் வரவில்லை, அது வந்தது. அப்புறம் கோச் விடவில்லை.

இன்னும் மூன்று வாரத்தில் கூட்டம். இந்த வேலை போனால் எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. உன் வார்த்தையை நம்பி எழுதியிருக்கிறேன். என்மேல் இரக்கம் வை.

ஹாலிஸ்


அக்டோபர் 26

ஹாலிஸுக்கு,

படித்தேன். பல முறை படித்தேன்.

அது அவள்தான். நீங்கள் கற்பனை செய்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. வாசலில் வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் வேண்டாத சாக்லேட்டை வாங்கிப் போடுவாள். உங்கள் அத்தை பின்னிக் கொடுத்த அசிங்கமான ஸ்வெட்டரை அத்தை வரும் நாளெல்லாம் போட்டுக்கொள்வாள். தாங்க முடியாதவர்களிடம் அவள் எப்போதும் மரியாதையாக நடந்துகொள்வாள். வலியில் கிடந்தபடி உங்களுக்கும் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறாள்.

அவள் அதை உங்கள் கையில் கொடுத்து மூடி வைக்கச் சொன்னாள். நீங்கள் அதை வியர்வை நாற்றமடிக்கும் அறையில் வாரா வாரம் விரித்துக் காட்டினீர்கள். சாகிற தங்கை அண்ணனைத் தூங்கவைக்கச் சொன்ன ஒரு வார்த்தை, இருபது வயதுப் பையன்கள் எதிராளியின் விலாவில் இன்னும் கொஞ்சம் பலமாக முட்டுவதற்குப் பயன்பட்டது. ஆறு வாரம் பயன்பட்டது. பிறகு சுத்தியல்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பழைய சட்டையில் பூச்சி அரித்த இடத்தைப் பார்ப்பதுபோல் இருக்கிறது.

இன்று நிர்வாகக் குழுவுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். நீங்கள் கூட்டத்தில் முதல்முறை கேட்க வேண்டாம் என்பதற்காக இங்கேயும் எழுதுகிறேன்:

"அணியின் போதகர் என் மனைவியின் அண்ணன். அவள் இறந்த அன்று ஆஸ்பத்திரி நடையில் சுவரில் தலை வைத்து அழுதார். அதற்குப் பல்கலைக்கழகம் அவருக்கு அறை ஒதுக்கத் தேவை இருக்கவில்லை. அவர் வீரர்களிடம் சொல்லும் கதையை என் மனைவி யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அவரும் அவர் அம்மாவும் தூங்க வேண்டும் என்பதற்காகத்தான் அவள் 'சரி' என்றாள். போதகர் என் மனைவிக்கு ஆறுதல் கொடுத்தாரா என்று கேட்கிறீர்கள். என் மனைவிதான் போதகருக்கு ஆறுதல் கொடுத்தாள். ஜெபத்துக்கு வராத ஒரு வீரர், உடல் தகுதியில் முதலாவதாக இருந்தும், உட்கார வைக்கப்பட்டார். அதற்கான அளவுகளை இணைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்குத் துணையாக ஒரு ஆளை வையுங்கள். கோச்சுக்கு வேண்டியவராக இல்லாமல் பாருங்கள். ஆட்டத்தில் ஜெயிக்க உதவுகிற கடவுளை மட்டும் மாநிலம் வைத்துக்கொள்ள வேண்டாம்."

ஒளிக்காமல் எழுதுவேன் என்றுதான் சொன்னேன்.

லைல்


நவம்பர் 16

லைல்,

வியாழக்கிழமை நீ கூட்டத்துக்கு வரவில்லை. தைரியம் இல்லையா, அக்கறை இல்லையா, தெரியவில்லை. என்ன நடந்தது என்று நான் சொல்கிறேன்.

உன் கடிதத்தைக் குழுவின் செயலாளர் மைக்கில் வாசித்தார். சபையில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். அம்மா முன் வரிசையில், அணியின் சிவப்புச் சட்டையில், எனக்கு ஆதரவாக உட்கார்ந்திருந்தாள்.

பிறகு குழு ஒரு மணி நேரம் கூடிப் பேசி முடிவு செய்தது. முடிவைக் கேட்டால் உனக்குச் சந்தோஷமாக இருக்கும். "அணிப் போதகர்" என்ற பதவி எடுக்கப்பட்டது. "குணநலப் பயிற்சியாளர்" என்ற புதுப் பதவி உண்டாக்கப்பட்டது. அதே அறை, அதே பஸ், அதே ஆள். கதவில் பலகை மட்டும் மாறும். கோச் என் முதுகில் தட்டி, "ஜெபத்துக்கு இனிமே 'மனப்பயிற்சி'ன்னு பேரு பிரதர்" என்றார். ஓரின் இன்னும் வெளியேதான் உட்கார்ந்திருக்கிறான். உன் அளவுகளை யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அப்படியானால் நீ எதைச் சாதித்தாய்? சொல்கிறேன். காரில் வரும்போது அம்மா கேட்டாள்: "நான் தூங்கறதுக்காகத்தான் சொன்னாளா?" ஏப்ரலிலிருந்து அவள் நன்றாகத் தூங்கினாள், லைல். என் பேச்சைக் கேட்டுத் தூங்கினாள். வியாழக்கிழமையிலிருந்து சமையலறையில் உட்கார்ந்திருக்கிறாள். என்னிடம் பேசுவதில்லை. என்னைப் பார்த்தால் அடுப்பைத் துடைக்க ஆரம்பிக்கிறாள்.

கொரின் சொன்னதில் ஒரு வரியை நான் போன முறை எழுதவில்லை. உனக்கு வலிக்கும் என்று விட்டேன். லைலிடம் ஏன் சொல்லக் கூடாது என்று கேட்டதற்கு அவள் சொன்னாள்: "அவன் திருத்துவான். தப்பா ஒரு நம்பர் இருந்தா அவனுக்கு இருப்புக் கொள்ளாது. அம்மா பாவம்."

நீ என்னைக் கேவலமாக நினைக்கிறாய். நினைத்துக்கொள். நான் அவள் வார்த்தையை விற்றேன். நீ அதைத் திருத்தினாய். அவள் ரெண்டு பேரையும் சரியாகத்தான் கணித்து வைத்திருந்தாள்.

ஹாலிஸ்


நவம்பர் 23

ஹாலிஸுக்கு,

பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டேன். உடுப்புகளை எண்ணி ஒப்படைத்தாயிற்று. குணநலத்துக்குப் புதுப் பலகை வந்துவிட்டதாம், பித்தளையில். மாநிலப் பணம்தான். வாழ்த்துகள்.

இன்று காலை, நீங்கள் மேடையில் இருந்த நேரத்தில், வெர்னா அம்மாவைப் பார்க்கப் போனேன். மேஜைமேல் ஒரு குவியல் பீக்கன் கொட்டை உடைத்துப் போட்டிருந்தார். யாரும் தின்னப் போவதில்லை. நானும் எதிரில் உட்கார்ந்து உடைத்தேன்.

பிறகு கேட்டார்: "அவ வாயால சரின்னு சொன்னாளா, சொல்லலையா? அதை மட்டும் சொல்லு."

"சொன்னா அம்மா."

"ஹாலிஸ் ஜெபம் சொல்லி முடிச்ச பிறகா?"

"முடிச்ச பிறகுதான்."

"நீ அப்ப அங்க இல்லையே. ஹாலிஸ் சொன்னத நம்பறியா?"

"அது ஒண்ணை நம்பறேன்."

அவர் கையில் இருந்த கொட்டையை உடைக்காமல் வைத்தார். "அப்ப எதுக்குடா அத்தனை பேர் முன்னாடி அப்படி எழுதிக் குடுத்தே?"

"அவங்க கேட்டது வேற கேள்வி அம்மா. நீங்க கேக்கறது வேற."

"மனசார சொன்னாளா?"

திருத்த என்னிடம் எல்லாம் இருந்தது. உங்கள் கடிதம் சட்டைப் பையிலேயே இருந்தது.

"உங்களுக்காகச் சொன்னா. உங்களுக்காக அவ எதையும் அரை மனசா செஞ்சதில்லை" என்றேன்.

அவர் எழுந்து கை கழுவினார். ஜெபிக்கலாமா என்று கேட்டார். எனக்கு ஜெபம் தெரியாது என்றேன். "தெரியவேண்டாம், கையக் குடு" என்றார். கொடுத்தேன். அவர் பேசியதில் பாதி எனக்குக் காதில் விழவில்லை. கொரின் பெயர் வந்தது. என் பெயரும் வந்தது. உங்கள் பெயரும் வந்தது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. முடிந்ததும் போய் சோபாவில் படுத்தார். அவர் குறட்டை கேட்கும்வரை இருந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

அங்கே வேறு யாரும் இல்லை. வாசலில் கைகட்டி ஒருவரும் நிற்கவில்லை. இதைப் பற்றி நீங்கள் எந்தப் பையனிடமும் பேசக் கூடாது.

இனி ஞாயிறு காலைகளில் நான் அங்கே இருப்பேன். பிரசங்கத்தை வழக்கம்போல் நீளமாகவே செய்யுங்கள். எனக்கு எழுத வேண்டாம்.

லைல்